கறிவேப்பிலைக் குச்சி ஐஸ்

கடையில் விற்கிற எதையாவது கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதெல்லாம் ஒரு பொருளா, நாமே செஞ்சுபோடலாமே" என்று சொல்வது எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஒரு வியாதி. கோயமுத்தூரில் பாதிப் பட்டறைகள் இந்த வியாதியால் திறக்கப்பட்டவை. மீதிப் பாதி இதே வியாதியால் மூடப்பட்டவை. நான் பம்பு செட்டுக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுத்துப் பிழைக்கிறவன். எனக்கு வியாதி கொஞ்சம் முற்றிய நிலை. அதோடு முன்கோபமும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ்தான் சாட்சி.

வெள்ளகோவிலில் இருந்த பட்டறையைக் கோயமுத்தூரில் கணபதி என்கிற பகுதிக்கு மாற்றிக்கொண்டு வந்தது ஒரு சித்திரை மாத வெயிலில். வேலை எல்லாம் இங்கே இருக்கும்போது அங்கே உட்கார்ந்து எத்தனை நாளைக்கு லோடு ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பது? லாரியில் லேத்து வந்தது, கட்டில் வந்தது, பீரோ வந்தது, மனைவியின் துளசித் தொட்டிகூட உடையாமல் வந்து சேர்ந்தது. என் மகளுடைய சிநேகிதிகள் மட்டும் வரவில்லை. அவளுக்கு அப்போது எட்டு வயது. மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள்.

புது வீட்டுக்கு வந்ததும் அவள் கேரம் போர்டை எடுத்து முன்னறையில் போட்டாள். ஒரு பக்கம் உட்கார்ந்து அடிப்பாள். பிறகு எழுந்து, சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து அடிப்பாள். காய் விழாவிட்டால், "பரவால்லீங்க, அடுத்த வாட்டி விழுந்துரும்" என்று இல்லாத ஆளுக்கு ஆறுதல் வேறு சொல்வாள். நான் ஒருநாள் சோற்றுக்கு வந்தபோது இதைப் பார்த்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை.

தெருவில் குழந்தைகளுக்குக் குறைவில்லை. சாயங்காலம் ஆனால் மணியடித்துக்கொண்டு ஒரு ஐஸ் வண்டி வரும். அத்தனை பொடுசுகளும் அதைச் சுற்றிக் கூடும். கையில் ஒழுக ஒழுக ஐஸோடு அங்கேயே விளையாட்டு ஆரம்பமாகும், அங்கேயே கட்சி பிரியும், அங்கேயே சண்டை, அங்கேயே சமாதானம். அந்தத் தெருவில் சிநேகம் என்பது ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில்தான் விளைந்தது. என் மகளுக்கோ தொண்டையில் சதை வீங்குகிற தொந்தரவு. எந்தத் தண்ணீரில் செய்ததென்று தெரியாத ஐஸை வாயில் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்பாள்.

எதிர்வீட்டில் அவள் வயதிலேயே ஒரு பெண் இருந்தாள். நல்ல பிள்ளை. ஒருநாள் தன் ஐஸைக் கேட்டு வழியாக நீட்டி, ஒரு வாய் சாப்பிடச் சொன்னாள். என் மகள் தலையை ஆட்டி, "வேண்டாமுங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றாள். அவள் எதையும் சாப்பிட்டிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் கொடுப்பதைப் பிடிக்கவில்லை, ஆகாது என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. கொலைப் பட்டினி கிடந்தாலும் இப்பத்தான் சாப்பிட்டேன் என்போம். எட்டு வயதுக்குள் அவள் அதைச் சுத்தமாகக் கற்று வைத்திருந்தாள். எதிர்வீட்டுப் பெண்ணும் மரியாதை தெரிந்தவள். இரண்டாம் முறை வற்புறுத்தாமல் போய்விட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஐஸ் வண்டிக்காரர்மேல், டாக்டர்மேல், தொண்டைச் சதைமேல், மூட்டை கட்டிக்கொண்டு கணபதிக்கு வந்த என்மேல். லீவு முடிந்தால் அவள் புதுப் பள்ளிக்கூடம் போக வேண்டும். இந்தத் தெருப் பிள்ளைகள் போகிற அதே வேனில்தான் அவளும் போக வேண்டும். அதற்குள் ஒரு சிநேகிதியாவது கிடைக்காவிட்டால் அங்கேயும் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஐஸ்தானே வழியை மறிக்கிறது? ஐஸ் என்ன பெரிய ராக்கெட்டா? பழம், பால், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். நாமே வீட்டில் செய்துபோட்டால் தெருவே நம் வீட்டுக்கு வருமே என்று முடிவு செய்தேன்.

ஐஸ் ஊற்றுகிற அச்சு பாத்திரக் கடையில் பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது, ஒரு செட்டு வாங்கி வருகிறேன் என்றாள் மனைவி. அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். வரும் வழியில்தான் பாத்திரக் கடை. லேத்து வைத்திருக்கிறவன் வீட்டில் பிளாஸ்டிக் அச்சா? நான் முறைத்த முறைப்பில் அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

நல்ல எவர்சில்வர் உருளையாகப் பார்த்து வாங்கி, உள்ளே குடைந்து, வழவழவென்று பாலிஷ் போட்டு ஒரு டஜன் அச்சு கடைந்தேன். முதல் முறை நேர்க்குழியாகக் குடைந்துவிட்டதால் ஐஸ் வெளியே வரவில்லை. இழுத்தால் குச்சி மட்டும் வந்தது. வார்ப்பட அச்சுக்குச் சரிவு வைக்க வேண்டும் என்பது பட்டறையில் டீ வாங்கி வருகிற பையனுக்குக்கூடத் தெரியும். எனக்கு மறந்துபோனது. மறுபடி சரிவு வைத்துக் கடைந்தேன். குச்சி நடுவில் நிற்பதற்கு மூடியில் ஒரு காடி வெட்டினேன். தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் ஐஸ் வழுக்கிக்கொண்டு வரும். என் சர்வீஸில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. மனைவி ஒன்றைக் கையில் வாங்கி எடை பார்த்தாள்.

"ஏனுங்க, இது புள்ளைங்க ஐஸ் திங்கறதுக்குங்களா, தம்புள்ஸ் தூக்கறதுக்குங்களா?" என்றாள்.

சொல்லட்டும். முதல் நாள் மாம்பழம். உழவர் சந்தையில் நன்றாகக் கனிந்ததாகப் பொறுக்கி, தோல் சீவி, நார் போக வடிகட்டி, சுண்டக் காய்ச்சிய பாலும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து அடித்து ஊற்றினோம். மகள்தான் குச்சி சொருகினாள். மறுநாள் ஐஸ் வண்டி வருவதற்கு முன்பே அவள் கேட்டைத் திறந்துகொண்டு போய் எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தது. கார் நிறுத்துகிற இடத்தில், கார் இல்லாத தைரியத்தில், எல்லோரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்குத் தெரியாத ஒரு சிரிப்பு கேட்டது. எட்டிப் பார்த்தால் என் மகள். கணபதிக்கு வந்து அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான். ஒரு பெண் என்னைப் பார்த்து, "நல்லா இருக்குதுங்க மாமா" என்றாள். நான் கரைந்துபோனேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு பொருள் நன்றாக ஓடும்போது அதை இன்னும் நன்றாக ஓட வைக்கிறேன் என்று ஸ்பேனரை எடுக்காதவன் எங்கள் ஊரில் பிறந்தவனே இல்லை.

செல்போனில் ஒரு டாக்டர் சர்க்கரையைப் பற்றிப் பேசினார். சர்க்கரை வெறும் விஷம் என்றார். அவர் முகத்தில் இருந்த கவலையைப் பார்த்தால் என் வீட்டு டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டே பேசுகிறார் என்று தோன்றியது. மறுநாள் சர்க்கரையில் பாதியைக் குறைத்தேன். "நல்லா இருக்குதுங்க மாமா" என்றார்கள் பிள்ளைகள். அப்படியானால் மீதிப் பாதி எதற்கு? அதையும் எடுத்தேன். "நல்லா இருக்குதுங்க மாமா." இன்னொரு டாக்டர் பாலில் சளி என்றார். பாலை எடுத்தேன். மூன்றாமவர் இரும்புச் சத்து என்றார். பப்பாளியோடு பீட்ரூட் சேர்த்தேன். பிறகு கொய்யாவோடு நெல்லிக்காய். பிறகு சப்போட்டாவோடு முளைகட்டிய கம்பு. ஒவ்வொன்றுக்கும் அதே பாராட்டு, அதே ராகத்தில். கம்பு ஐஸைக் கடிக்கிற சத்தம் மட்டும் தெருமுனை வரை கேட்டது. சர்க்கரை இல்லாத ஐஸ் கருங்கல் மாதிரி உறையும் என்பதை எந்த டாக்டரும் சொல்லவில்லை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எனக்கு ஒரு டஜன் பொன் குஞ்சு.

மனைவி முதல் வாரத்துக்குப் பிறகு சாப்பிடவில்லை. பல் கூச்சமுங்க என்றாள். மருந்துக்கடையில் இருந்துகொண்டு பல்லைப் பார்த்துக்கொள்ளாமல் இருக்கிறாயே என்று நான் அவளுக்குப் புத்தி சொன்னேன். அவளும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

இதற்கிடையில் ஒரு புதுப் பழக்கம் ஆரம்பித்தது. பிள்ளைகள் ஒரு வாய் கடித்துவிட்டு, மீதியை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தம்பி தங்கையோடு சாப்பிடுவதாகச் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எந்தப் பிள்ளை ஐஸைத் தம்பிக்கு மிச்சம் வைக்கும்? எவ்வளவு நன்றாக இருந்தால் பங்கு கொடுக்கத் தோன்றும்? வெயிலில் உருகிவிடக் கூடாதே என்று நானே அச்சோடு கொடுத்தனுப்பினேன். அங்கேதான் வினை வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். என் எவர்சில்வர் அச்சுகள் திரும்பி வந்தபோது ஒன்றில் வறுத்த கடலை நிரம்பியிருந்தது. ஒன்றில் பொரி. ஒன்றில் ஒடித்துப் போட்ட முறுக்கு. அவ்வளவு குறுகலான குழியில் என்னத்தை வைத்து நிரப்புவது என்று அந்த வீட்டுப் பெண்கள் பட்ட பாடு எனக்கு அப்போது உறைக்கவில்லை. சிலர் அச்சைக் கழுவித் தனியாக வைத்து, கூடவே ஒரு தட்டில் வெல்லம் போட்ட கச்சாயம் சுட்டு அனுப்பினார்கள். கச்சாயம் வந்த தட்டை நாங்கள் மட்டும் வெறுமையாக அனுப்ப முடியுமா? மனைவி வேலை முடிந்து வந்து எதைச் செய்து வைப்பது என்று தலையில் கை வைத்தாள். நான்தான் வழி சொன்னேன்: ஐஸ் இருக்கிறதே, இரண்டை எடுத்து வைத்து அனுப்பு.

அந்த இரண்டு அச்சுக்குப் பூரணம் வைத்த ஒப்புட்டு வந்தது. ஒப்புட்டுத் தட்டுக்கு நெல்லிக்காய் ஐஸ் போனது. கோட்டைமேட்டிலிருந்து குடிவந்திருந்த மூலைவீட்டுக்காரர்கள் ஒரு தூக்குப்போசி நிறைய சேமியா பாயசமே அனுப்பினார்கள். அதற்கு மரியாதையாக நான்கு பீட்ரூட் ஐஸ். தெருவில் எல்லார் வீட்டு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது. சர்க்கரையை ஒழிக்கப் புறப்பட்ட என் வீட்டில் கச்சாயமும் ஒப்புட்டும் பாயசமும் வைக்க இடமில்லாமல் போனது. நான் அதைத் தின்று கொழுத்தேன். தெரு நம்மேல் எவ்வளவு பிரியமாக இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன்.

"ஆமாங்க, ரொம்பப் பிரியமுங்க" என்றாள் அவள், தட்டைத் துடைத்துக்கொண்டே.

பிள்ளைகளின் எண்ணிக்கை குறையத் தொடங்கியது. ஒருத்திக்குப் பாட்டு வகுப்பு. ஒருவனுக்கு நீச்சல். எதிர்வீட்டுப் பெண்ணை அவள் அம்மா எப்போதும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நமக்குக் கேட்காத குரல் அந்தப் பெண்ணுக்கு எப்படிக் கேட்கிறது என்று நான் யோசிக்கவில்லை. சரக்கில் புதுமை போதவில்லை என்றுதான் நினைத்தேன். எந்த வியாபாரியும் அப்படித்தான் நினைப்பான். அந்த வாரம் மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிற வாடிக்கையாளர் ஒருவர் தன் தோட்டத்துக் கறிவேப்பிலையை ஒரு கட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கறிவேப்பிலை கண்ணுக்கு நல்லது, முடிக்கு நல்லது, ரத்தத்துக்கு நல்லது. கொய்யாப்பழத்தோடு சேர்த்து அரைத்து ஊற்றினேன். பச்சைப் பசேலென்று மரகதம்போல் உறைந்தது. அழகென்றால் அப்படி ஒரு அழகு.

மறுநாள் சாயங்காலம் ஒருவரும் வரவில்லை. நானே ஒரு தாம்பாளத்தில் அச்சுகளை அடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். முதல் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவி நான் கேட்டைத் தட்டியதும் நின்றது. பிறகு யாரும் வரவில்லை. அடுத்த வீட்டில் ஜன்னல் திரை ஆடியது; காற்று இல்லை. எதிர்வீட்டுக்காரம்மா வெளியே வந்து, பிள்ளைகள் தூங்குவதாகச் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மொட்டை மாடியில் தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் மேலே பார்க்கவில்லை. நானும் மரியாதைக்குப் பார்க்கவில்லை. "உங்க ஐஸுன்னா அதுகளுக்கு உசுருங்க" என்றார். தாம்பாளத்திலிருந்து இரண்டு அச்சுகளை அவர் எடுத்துக்கொண்டபோது அவர் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால், மகள் கேரம் போர்டில் தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். அடித்துவிட்டு எழுந்து எதிர்ப்பக்கம் போனாள்.

நான் ஒரு ஐஸைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். ஒருநாள்கூட அவள் வேண்டாமென்று சொன்னதில்லை. கம்பு ஐஸைக்கூடக் கடைசி வரை கடித்து முடித்தவள். கறிவேப்பிலை ஐஸை ஒரு கடி கடித்து, கண்ணை மூடி விழுங்கி, "நல்லா இருக்குதுங்கப்பா" என்றாள். கண்ணைத் திறந்தபோது தண்ணீர் கட்டியிருந்தது. குளிர் மண்டைக்கு ஏறியிருக்கும் என்று நினைத்து உச்சியில் தட்டிக் கொடுத்தேன்.

"எல்லாரும் எங்க போனாங்க கண்ணு?"

"எதிர்வீட்டு மாடீல வெளையாடறாங்கப்பா."

"நீ போகலியா?"

அவள் ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"நான் போனா, ஐஸ் கொண்டாந்திருக்கறனோன்னு பயப்படறாங்கப்பா" என்றாள்.

பிறகு எல்லாம் வந்தது, மெதுவாக, ஒவ்வொன்றாக. எங்கள் வீட்டுக்கு வந்தால் தின்ன வேண்டியிருக்கிறது. தின்ன முடியாமல் வீட்டுக்கு எடுத்துப் போனால், அந்த டப்பாவை வெறுமையாக எப்படித் திருப்பிக் கொடுப்பது, தினமும் என்னத்தைச் சுடுவது என்று அம்மாமார் திட்டுகிறார்கள். வேண்டாமென்று மாமாவிடம் சொன்னால் மரியாதை இல்லை. அதனால் எங்கள் வீட்டுப் பக்கமே போக வேண்டாமென்று பிள்ளைகள் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். கோபத்தில் இல்லை, என் மனசு நோகக் கூடாதே என்று. எதிர்வீட்டுப் பெண் இதை என் மகளிடம் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறாள்.

ஒரு தெருவே சேர்ந்து, ஒருவர்கூடக் குரலை உயர்த்தாமல், என் மகளைத் தள்ளி வைத்திருந்தது. அதுவும் மரியாதை கருதி.

"நல்லா இல்லீன்னு நீயாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாமி" என்றேன்.

"நீங்க எனக்காகத்தானுங்கப்பா லேத்துல கடைஞ்சீங்க" என்றாள்.

வெளியாட்கள் என்மேல் மரியாதை வைக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. பெற்ற பிள்ளை எனக்கு எதிரே ஒறம்பரை வீட்டுக்கு விருந்துக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்து, கொடுத்ததைத் தின்று, நல்லா இருக்குதுங்க என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குக் கூட்டாளி சேர்க்கிறேன் என்று போய், வந்த கூட்டாளிகளையும் துரத்தி, அவளுக்கு அப்பாவையும் இல்லாமல் ஆக்கியிருக்கிறேன்.

அவள் கையிலிருந்த ஐஸை வாங்கி நான் கடித்தேன். வேப்பங்குச்சியை ஃப்ரிட்ஜில் வைத்துத் தின்றால் அப்படி இருக்கலாம். ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு நாளும் நான் விரலில் தொட்டு ருசி பார்த்திருக்கிறேன். அப்போது பழத்தின் இனிப்பு தெரியும். உறைந்த பிறகு அந்த இனிப்பு பாதிகூட நாக்குக்கு எட்டுவதில்லை. உறைந்த பிறகு, பிள்ளைகளுக்குக் குறைந்துவிடக் கூடாதென்று, நான் பார்க்கவே இல்லை. ஒரு ஷாஃப்டை அளந்து பார்க்காமல் வெளியே அனுப்பியதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன், ஒரு தெருப் பிள்ளைகள் வாயில் இத்தனை நாள் அளக்காத சரக்கைத் திணித்திருக்கிறேன்.

மனைவி வேலை முடிந்து வந்ததும் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்து, பல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் வாசலிலேயே உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் பல்லில் ஒரு கோளாறும் இல்லை.

கோபத்தில் அன்றைக்கே எல்லா அச்சுகளையும் பட்டறைக் கழிவில் போடப் புறப்பட்டேன். அவள்தான் தடுத்தாள். திடீரென்று நிறுத்தினால் தெருவில் என்ன நினைப்பார்கள்? தாங்கள் அனுப்பிய கச்சாயம் சரியில்லையோ, ஏதாவது மரியாதைக் குறைவு நடந்துவிட்டதோ என்று ஒவ்வொரு வீட்டிலும் கலங்குவார்கள். கலங்கி, சமாதானத்துக்கு இன்னொரு தட்டுக் கச்சாயம் அனுப்புவார்கள். அவள் சொன்னது சரி. ஆரம்பிப்பது சுலபமாக இருந்தது. நிறுத்துவதற்கு எங்கள் பாஷையில் வார்த்தையே இல்லை.

வழி காட்டியது எதிர்வீட்டின் சின்னப் பாப்பா. அந்தப் பெண்ணின் தங்கை, இரண்டரை வயசு. மறுநாள் காலை அந்த அம்மா இரண்டு அச்சு நிறையக் கடலை மிட்டாயைத் திணித்துக்கொண்டு, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். பழக்க தோஷம், வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக் கூடாதென்று நான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். திறந்த பிறகுதான் உள்ளே இருப்பது என்ன என்று ஞாபகம் வந்தது. அதற்குள் பாப்பா கையை நீட்டிவிட்டாள். பச்சை நிறம் அவளுக்குப் பிடித்துவிட்டது. வாங்கி ஒரு நக்கு நக்கினாள். முகத்தைச் சுளித்தாள். "தூ" என்று துப்பினாள். துப்பியதோடு நிற்காமல் ஐஸை என் காலடியில் வீசி எறிந்தாள்.

அந்த அம்மா வெலவெலத்துப்போனார். பாப்பாவின் தொடையில் ஒன்று வைத்து, நல்லா இருக்குதுங்க மாமான்னு சொல்லு என்று கெஞ்சினார். பாப்பா மறுபடி துப்பினாள். நான் இருகையும் எடுத்துக் கும்பிட்டேன், பாப்பாவைப் பார்த்து.

"விடுங்கம்மா, இந்தத் தெருவுல அளவு சரியாச் சொன்னது பாப்பா ஒருத்திதான். நீங்களும் சொல்லுங்க, பரவால்லீங்க" என்றேன்.

அவர் என் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையாட்டினாள். அவர் வெகுநேரம் வார்த்தை தேடினார்.

"கொஞ்சூண்டு சக்கரை சேர்த்தீங்கன்னா இன்னும் நல்லா இருக்குமுங்க" என்றார் கடைசியில்.

எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையாக ஒருவரைத் திட்ட முடியாது. நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தோம். உள்ளேயிருந்து என் மகளும் ஓடிவந்து சிரித்தாள்.

அன்றைக்கே சட்டம் போட்டோம். ஐஸை இங்கேயே சாப்பிட வேண்டும். எந்த அச்சும் கேட்டைத் தாண்டக் கூடாது. தாண்டாத பாத்திரத்தை நிரப்பித் தர வேண்டியதில்லை. இதைக் கேட்டதும் தெருவின் பெண்கள் பெருமூச்சு விட்டது இந்த முறை எனக்கே கேட்டது. பழம் மகள் தேர்வு, சர்க்கரை மனைவி கையளவு, என் வேலை அச்சைத் தண்ணீரில் முக்கி எடுப்பது மட்டும். ஒவ்வொரு முறையும் முதல் ஐஸ் பாப்பாவுக்குப் போகும். அவள் நக்கிப் பார்த்து, துப்பாமல் இருந்தால் மற்றவர்களுக்கு. பெரிய பெரிய கம்பெனிகளில் தர ஆய்வு செய்ய ஆள் வைத்திருக்கிறார்கள். பாப்பா மாதிரி ஒருத்தர்கூட அங்கே இல்லை. மாம்பழமும் பாலும் தேறியது. சப்போட்டா தேறியது. தர்பூசணியை ஒருமுறை துப்பி, விதை எடுத்த பிறகு ஏற்றுக்கொண்டாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பாட்டு வகுப்பும் நீச்சலும் தாமாக நின்றுபோயின.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் நான் பட்டறைக்குப் போகாமல் வாசலில் நின்றேன். வேன் வந்தது. எதிர்வீட்டுப் பெண் முன்னால் ஏறி, ஜன்னலோரம் இடம் போட்டு, என் மகளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். என் மகள் எனக்கு டாட்டா காட்ட மறந்துவிட்டாள். எனக்கு அது போதும்.

ஒரு வருஷம் ஓடி, இந்தக் கோடையிலும் எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் வியாதி வியாதிதானே. போன வாரம் மனைவி இல்லாத நேரம் பார்த்து, மாம்பழத்தில் கொஞ்சமே கொஞ்சம் நெல்லிக்காய் சேர்த்து, சர்க்கரையில் ஒரு கை குறைத்து ஊற்றி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் வழக்கம்போல எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். முதல் ஐஸைப் பாப்பாவுக்குக் கொடுத்தேன். இப்போது அவளுக்கு மூன்றரை வயசு. பாலர் பள்ளிக்குப் போகிறாள்.

அவள் ஒரு நக்கு நக்கினாள். முகம் ஒரு நொடி கோணியது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குதுங்க மாமா" என்றாள். "நான் இப்பத்தானுங்க சாப்பிட்டேன். இத அம்மாவுக்குக் கொண்டுபோய்க் குடுக்கட்டுங்களா?"

தெருவில் இருந்த ஒரே நேர்மையான ஆளையும் ஒரு வருஷத்தில் நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து வளர்த்துவிட்டோம். மற்றப் பிள்ளைகள் நீட்டியிருந்த கையை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். கேட்டுக்கு வெளியே எதையும் எடுத்துப் போகக் கூடாது என்கிற சட்டம்கூட எனக்கு மறந்துபோனது.

என் மகள் எழுந்து வந்தாள். பாப்பாவின் கையிலிருந்து ஐஸை வாங்கி ஒரு கடி கடித்தாள். அத்தனை பேருக்கும் நடுவில், தன் சிநேகிதிகளுக்கு முன்னால், என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நல்லாவே இல்லீங்கப்பா" என்றாள். "நெல்லிக்காய் போட்டீங்களா? எல்லாத்தையும் கொட்டிப்போடுங்க."

நான் அச்சுகளைத் தண்ணீரில் முக்கி, அந்தக் கூத்துக்குப் பிறகு மனைவி பின்புறம் நட்டு வைத்திருந்த கறிவேப்பிலைச் செடியின் அடியில் கொட்டினேன். மனசு நிறைந்திருந்தது. உள்ளே வந்து சர்க்கரை டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.